‘ஹெல்-பென்ட் ஆன்’, ‘வித் இன்டென்ட் டு’: வலை அறுப்பு மனுவில் எதை எங்கே எழுதுவது?

தொண்டிக்கரை

நாட்டுப்படகு மீனவர் சங்கத்துக்காக ஒரு மனு தயாராகிறது. மீன்வளத்துறைக்கும் மரைன் போலீசுக்கும் தமிழ் மனுவே போகும். கடலோரக் காவல்படைக்கு ஒரு நகல் ஆங்கிலத்தில் வேண்டும். கூடவே ஆங்கிலப் பத்திரிகைக்கு ஒரு வாசகர் கடிதம். விஷயம் இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நாட்டுப்படகுக்கு விட்ட கரையோரப் பகுதிக்குள் விசைப்படகு வந்து, போட்டிருந்த நண்டு வலைமேல் மடியை (அடித்தரையில் இழுத்துப் போகும் இழுவலையை) இழுத்துவிட்டது. 12 வலை போச்சு.

இப்போது எழுதி வைத்திருக்கும் வரி இது. எல்லாரும் படிக்கத் தமிழெழுத்திலேயே தருகிறேன்:

“ட்ராலர் பீப்பிள் ஹேவ் ஹெல் பெண்டு டு டிஸ்ட்ரக்ட் அவர் நெட்ஸ் வான்டட்லி வித் பேட் மோட்டிவ் அண்ட் பீட்டிங் ஆன் அவர் ஸ்டமக்.”

நாசம் பண்ணியே தீர்வது என்று நிற்கிறார்கள் என்பதை ஆங்கிலத்தில் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ‘ஹெல் பெண்டு’ சரியான இடத்தில்தான் இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் திருத்திக் கொடுங்கள்.

மண்டபம் டீச்சர்

தம்பி, சொல்ல வந்தது விளங்குகிறது. இலக்கணம் பல இடத்தில் விட்டுப்போகிறது, வரிசையாகப் பார்த்துவிடலாம்.

முதலில் எழுத்து. அது ‘பெண்டு’ அல்ல, ‘பென்ட்’. கடைசியில் வருவது டைகரில் (புலி) வரும் டி, டாகில் (நாய்) வரும் டி அல்ல. நம் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்பதால் இந்தப் பிழை அடிக்கடி வருகிறது. ‘ஹெல்’லுக்கும் ‘பென்ட்’டுக்கும் நடுவில் ஒரு சிறு கோடு போட வேண்டும். சேர்த்து ஒரே சொல்லாகவும் சிலர் எழுதுவார்கள். இடைவெளி விட்டு இரண்டு சொல்லாக எழுதுவதைத் தவிருங்கள்.

அடுத்தது ‘ஹேவ்’. இங்கே ‘பென்ட்’ பெயரடையாக நிற்கிறது, ‘பிடிவாதமான’ என்பதுபோல. ஆகவே ‘தே ஆர் பென்ட்’ என்றுதான் வரும். ‘தே ஹேவ் பென்ட்’ என்று எழுதினால் கம்பியையோ குழாயையோ வளைத்துவிட்டார்கள் என்று ஆகிவிடும்.

மூன்றாவது, இதுதான் முக்கியம்: ‘பென்ட்’டுக்குப் பின்னால் ‘டு’ வராது, ‘ஆன்’ வரும். ஆனுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வரலாம், இல்லாவிட்டால் ‘இங்’ விகுதி போட்ட வினை வரலாம். ‘பென்ட் ஆன் டிஸ்ட்ரக்‌ஷன்’ சரி. ‘பென்ட் ஆன் டிஸ்ட்ராயிங் அவர் நெட்ஸ்’ சரி. ‘பென்ட் டு டிஸ்ட்ராய்’ தவறு. மனுக்களில் நிறையக் கண்ணில் படுகிற ‘பென்ட் அப்பான் டு டிஸ்ட்ராய்’ என்பதும் தவறு. ‘பென்ட் அப்பான் டிஸ்ட்ராயிங்’ என்றால் பிழையில்லை; கோர்ட் ஆங்கிலத்தில் இன்றும் ஓடுகிறது, கொஞ்சம் பழைய நடை, அவ்வளவுதான்.

நான்காவது, ‘டிஸ்ட்ரக்ட்’. ‘டிஸ்ட்ரக்‌ஷன்’ என்ற பெயர்ச்சொல்லில் இருந்து நாமே வெட்டி எடுத்த வினை இது. ராக்கெட் தன்னைத் தானே வெடித்துக்கொள்வதைச் சொல்லும்போது அந்த வடிவம் உண்டு. வலைக்கும் வீட்டுக்கும் ‘டிஸ்ட்ராய்’தான்.

‘வான்டட்லி’யைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். தமிழ்நாடு முழுக்கப் பேச்சில் இருக்கிறது, ஏனென்றால் ‘வேண்டுமென்றே’ என்பதில் உள்ள ‘வேண்டும்’ அப்படியே ‘வான்ட்’ ஆகி உட்கார்ந்துகொண்டது. பொது ஆங்கிலத்தில் அந்தப் பொருளுக்கு அப்படி ஒரு சொல் இல்லை. ‘டெலிபரேட்லி’ என்று எழுதுங்கள். ‘வான்டன்லி’ என்று ஒன்று இருக்கிறது, ஓசை ஒட்டி வரும், பொருள் வேறு: காரணமே இல்லாமல், கட்டுப்பாடில்லாமல் செய்த நாசம். அதை இதற்குப் பதிலாகப் போட்டுவிடக் கூடாது.

‘பீட்டிங் ஆன் அவர் ஸ்டமக்’. ‘வயிற்றில் அடிப்பது’ என்றால் நமக்கு உடனே உறைக்கும். ஆங்கிலம் படிக்கிற அதிகாரிக்கு அது கைகலப்பு. மருத்துவச் சான்று எங்கே என்று கேட்பார். ‘டிப்ரைவிங் அஸ் ஆஃப் அவர் லைவ்லிஹுட்’ என்பதே அதன் இடம்.

ஆக இலக்கணம் மட்டும் திருத்தினால்: “தி ட்ராலர் ஓனர்ஸ் ஆர் ஹெல்-பென்ட் ஆன் டிஸ்ட்ராயிங் அவர் நெட்ஸ்.” வாக்கியம் சரி. ஆனால் இந்த வாக்கியம் மனுவில் நிற்கலாமா என்பது வேறு கேள்வி. அதை மற்றவர்கள் சொல்லட்டும்.

தங்கச்சிமடம் பி.ஏ. ஆங்கிலம்

டீச்சர், ஒரு சந்தேகம். ‘ஹெல்-பென்ட்’ என்றாலே நாசத்தைத்தான் குறிக்குமா? ‘ஹெல்’ என்று நரகம் வருகிறதே.

மண்டபம் டீச்சர்

இல்லையம்மா. நாசம் அந்தச் சொல்லில் இல்லை, ஆனுக்குப் பின்னால் வருகிற சொல்லில் இருக்கிறது. ‘ஹெல்-பென்ட் ஆன் வின்னிங்’ என்றால் ஜெயித்தே தீர்வது என்று நிற்பது. ‘ஹெல்’ அந்தப் பிடிவாதத்தின் அளவைக் கூட்டுகிறது: என்ன ஆனாலும், யார் தடுத்தாலும், பின்விளைவு எதுவானாலும் என்கிற மூர்க்கம். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பேச்சில் பிறந்த சொல். அகராதிகள் இதைப் பேச்சுவழக்கு என்று குறித்திருக்கும். எழுதுகிறவருக்கு அந்தப் பிடிவாதம் பிடிக்கவில்லை என்பதும் பெரும்பாலும் அதிலேயே தொனிக்கும்.

‘பென்ட்’டின் வேர் பார்க்க அழகானது. நாணேற்றி வளைத்த வில். ஒரு திசைக்கு வளைத்துக் குறி வைத்துவிட்ட மனம். ‘இன்டென்ட்’ என்பதும் கிட்டத்தட்ட அதே கதை. லத்தீனில் ‘இன்டெண்டெரே’ என்றால் ஒன்றை நோக்கி இழுத்து நீட்டுவது, வில்லை இழுப்பதற்கும் அதைச் சொன்னார்கள். தமிழில் ‘அவன் அதிலேயே குறியா இருக்கான்’ என்கிறோமே, அங்கேயும் அம்புதான்.

பாம்பன் சப்-எடிட்டர்

பத்திரிகைக் கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வாசகர் கடிதத்தில் ‘ஹெல்-பென்ட் ஆன்’ வரலாம், அது கருத்துப் பகுதி. ஆனால் ஒரு முறை வந்தால் போதும், அதுவும் கடிதத்தின் பின்பாதியில். முதல் வரியிலேயே அதைப் போட்டால் மேசையில் இருப்பவர் ‘கோபம் மட்டும்தான், தகவல் இல்லை’ என்று ஒதுக்கிவிடுவார். எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை வலை, எத்தனையாவது முறை என்று முதல் 3 வரியில் தகவலைக் கொடுத்துவிட்டு, பிறகு இந்தச் சொல்லுக்கு வாருங்கள்.

இன்னொன்று, ‘ஆர்’ என்று அடித்துச் சொல்லாமல் ‘சீம்’ அல்லது ‘அப்பியர்’ போடுங்கள். ‘சம் ட்ராலர் ஓனர்ஸ் சீம் ஹெல்-பென்ட் ஆன்...’ என்று எழுதினால் அது பார்த்தவரின் கணிப்பு. ‘சம்’ என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். ஒரு குறிப்பிட்ட படகின் பெயரையோ உரிமையாளரையோ சொல்லி ‘ஹெல்-பென்ட்’ என்று எழுதினால், அவர் மனசுக்குள் இருப்பதை நீங்கள் பார்த்ததுபோல அச்சில் சொல்கிறீர்கள். அவதூறு வழக்குக்கு அதுவே வாசல். எந்த ஆசிரியரும் அதை அப்படியே விடமாட்டார்.

மனிதருக்கும் மனிதர் நடத்தும் அமைப்புக்கும்தான் இந்தச் சொல். புயலுக்கு வேண்டாம். 1964 டிசம்பர் 22-23 இரவில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றி எழுதும்போது ‘தி சைக்ளோன் வாஸ் ஹெல்-பென்ட் ஆன் டிஸ்ட்ராயிங் தி டவுன்’ என்று எழுதினால் புயலுக்கு மனசு வந்துவிடுகிறது. கவிதையில் சரி. செய்தியில் ‘டெவஸ்டேட்டட்’ போதும். ‘ரீக் ஹேவக்’ (பெரும் நாசம் விளைவிப்பது) என்பதும் அங்கே பொருந்தும், ஏனென்றால் அதில் நோக்கம் கிடையாது, விளைவு மட்டும்தான். அது ‘ரீக்’, ‘ரெக்’ அல்ல. உடைந்த கப்பலுக்குச் சொல்கிற ‘ரெக்’கைப் போட்டு ‘ரெக் ஹேவக்’ என்று எழுதுவது பத்திரிகைகளிலேயே நடக்கிற பிழை. இறந்தகாலம் ‘ரீக்ட்’.

ராமநாதபுரம் வக்கீல்

மனுவுக்கு வருகிறேன். அதில் ‘ஹெல்-பென்ட்’ வேண்டாம், ‘பென்ட் ஆன்’ கூட வேண்டாம். இரண்டும் ஆளின் குணத்தைச் சொல்கின்றன. சட்டம் கேட்பது அந்த நேரத்தில், அந்தச் செயலைச் செய்யும்போது, அவருக்கு என்ன நோக்கம் இருந்தது அல்லது என்ன தெரிந்திருந்தது என்பதைத்தான்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 324. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 425-ல் தொடங்கி இருந்த பகுதி. குற்றத்தின் பெயர் ‘மிஸ்சீஃப்’. பள்ளிக்கூட ஆங்கிலத்தில் இதற்குக் குறும்பு என்று பொருள். சட்டத்தில் அடுத்தவருக்கோ பொதுமக்களுக்கோ சட்டவிரோத இழப்பு வரும்படி சொத்தை அழிப்பது, கெடுப்பது. தமிழ் மனுவில் ‘குறும்பு செய்தார்கள்’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

அந்தப் பிரிவின் தொடக்கத்தைக் கவனியுங்கள்: “வித் இன்டென்ட் டு காஸ், ஆர் நோயிங் தட் ஹி இஸ் லைக்லி டு காஸ், ராங்ஃபுல் லாஸ் ஆர் டேமேஜ்”. நடுவில் இருக்கும் ‘ஆர்’தான் உங்களுக்குத் துணை. இழப்பு உண்டாக்கும் நோக்கம் இருந்தாலும் குற்றம். நோக்கம் இல்லாமல், இழப்பு வரக்கூடும் என்று தெரிந்தே செய்திருந்தாலும் குற்றம். நோக்கத்தை நிரூபிப்பது கடினம், தெரிந்திருந்தது என்பதை நிரூபிப்பது அதைவிட எளிது. ‘ஹெல்-பென்ட் ஆன் டிஸ்ட்ராயிங்’ என்று எழுதுகிறவர் இருப்பதிலேயே கடினமான பாரத்தைத் தானாகத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்கிறார். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது, ‘அழித்தே தீர்வது என்று அவர்கள் உறுதி எடுத்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்பதைத்தான்.

மடி இழுத்ததால் வலை போனது என்றால், விசைப்படகுக்காரர் பொதுவாகச் சொல்லும் பதில் ‘இருட்டில் தெரியவில்லை’. ஆகவே அவருக்குத் தெரிந்திருந்தது என்பதைக் காட்டும் தகவல்களை எழுதுங்கள். வலையின் இரண்டு தலைப்பிலும் கொடியும் விளக்கும் இருந்ததா? நீங்கள் டார்ச் அடித்தீர்களா, சத்தம் கொடுத்தீர்களா, எத்தனை நிமிடம்? படகில் இருக்கும் வி.எச்.எஃப். ரேடியோவில் சேனல் 16-ல் கூப்பிட்டீர்களா? அந்தப் படகு ஒரு முறை கடந்து போனதா, திரும்பி வந்து இரண்டாம் முறை இழுத்ததா? அன்று நாட்டுப்படகு நாளா? பாக் நீரிணையில் வாரத்துக்கு 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு என்று இருப்பதால், உங்கள் நாளில் வலை போட்டிருக்கும் என்பது அவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஜி.பி.எஸ். புள்ளி, ஆழம் எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் 6 அடி), படகின் பதிவெண். முழு எண் தெரியாவிட்டால் தெரிந்த இலக்கத்தை மட்டும் எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

பகுதி எல்லையை மீறியது தனி விஷயம். அது 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் மீன்வளத்துறை பார்ப்பது. அங்கே படகு எந்த இடத்தில் இருந்தது என்பதுதான் கேள்வி, மனசில் என்ன இருந்தது என்பதல்ல. அதையும் இதையும் ஒரே வாக்கியத்தில் பிசையாதீர்கள்.

தொண்டிக்கரை

வக்கீல் சார், விளக்கும் கொடியும் இருந்தது. டார்ச் அடித்தோம். ஆனால் ‘தெரிந்தே’ என்று மட்டும் எழுதினால் மெதுவாகப் போய்விடாதா? வேண்டுமென்றே செய்தது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

மூக்கையூர் வலைக்கடை

சந்தேகம் இருக்கா இல்லையான்னு கயித்து நுனிய பார்த்தா தெரியும். 12 வலையையும் கரையில விரிச்சுப் பார்த்தீங்களா?

மடி இழுத்துப் போன வலைன்னா கண்ணி ஒரே பக்கமா இழுபட்டு நீண்டு கிடக்கும், முடிச்செல்லாம் இறுகிப்போய் நகம் போகாது. சேறு அப்பியிருக்கும், ஈயக்குண்டு ஒரு மூலையில குவிஞ்சிருக்கும். மேல்கயிறு அறுந்திருந்தாலும் அந்த நுனி ஒழுங்கா இருக்காது. புரி ஒவ்வொண்ணும் ஒரு நீளத்துல, தேங்காய் நார் பிஞ்ச மாதிரி, இழுபட்டு மெலிஞ்சு போய்த்தான் அறுந்திருக்கும்.

கத்தி போட்ட கயிறு அப்படி இல்ல. எல்லாப் புரியும் ஒரே மட்டத்துல நிக்கும், குழாயை வெட்டின மாதிரி வட்டமா, தட்டையா. பக்கத்துல இருக்கிற கயிறு மெலிஞ்சிருக்காது, வாங்கின கனம் அப்படியே இருக்கும். மிதவை கட்டின இடத்துக்குப் பக்கத்துல ரெண்டு மூணு கயிறு ஒரே நீளத்துல வெட்டிக் கிடந்தா அது மடி பண்ணின வேலை இல்ல, கை பண்ணின வேலை.

தொண்டிக்கரை

அண்ணே, இப்போதுதான் பார்த்தோம். 9 வலை நீங்கள் சொன்ன முதல் மாதிரி, சேறும் இழுவையுமாக இருக்கிறது. 3 வலையில் மிதவைக் கயிறு ஒரே மட்டமாக வெட்டியிருக்கிறது. அந்த மூன்றிலும் கண்ணி கெடவில்லை.

ராமநாதபுரம் வக்கீல்

இதுதான் உங்கள் மனு. இரண்டு செயல், இரண்டு வாக்கியம், இரண்டு சொல். மடி இழுத்த 9 வலைக்கு ‘நோயிங் தட்’. வெட்டிய 3 கயிற்றுக்கு ‘வித் இன்டென்ட் டு’. யாரும் தெரியாமல் ஒரே மட்டத்தில் மூன்று மிதவைக் கயிற்றை வெட்டமாட்டார்கள். இங்கே நோக்கம் செயலிலேயே தெரிகிறது, அடைமொழி தேவையில்லை. எல்லா 12-க்கும் ‘வித் இன்டென்ட்’ என்று போட்டிருந்தால், 9-ல் அது உடைந்து, கூடவே 3-ன் பலமும் போயிருக்கும்.

தொகையையும் பிரித்துக் காட்டுங்கள். இழப்பு 20,000 ரூபாய்க்குக் குறையாமல் 1 லட்சத்துக்குள் இருந்தால் பிரிவு 324(4), 2 ஆண்டு வரை சிறை. 1 லட்சமோ அதற்கு மேலோ ஆனால் 324(5), 5 ஆண்டு வரை. ஆகவே மொத்தமாக ‘பல லட்சம் நஷ்டம்’ என்று எழுதுவதால் பயனில்லை. ஒரு வலை 2,800 ரூபாய் என்று ரசீது இருந்தால் 9-க்கு 25,200 என்று கணக்காக எழுதி ரசீது நகலை இணையுங்கள். வெட்டுப்பட்ட மூன்றுக்கு கயிறு, மிதவை, கட்டுக்கூலி மட்டும். வலை நல்லபடி இருக்கும்போது முழு வலையின் விலையைப் போட்டால் அந்த ஒரு வரி மொத்தக் கணக்கையும் சந்தேகத்துக்கு இழுக்கும்.

மண்டபம் டீச்சர்

வக்கீல் சார் சொன்ன இரண்டு தொடருக்கும் இலக்கணம் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கலந்துவிடாமல் இருக்க.

‘வித் இன்டென்ட்’டில் இன்டென்ட் பெயர்ச்சொல். பின்னால் ‘டு’வும் வினையின் மூல வடிவமும்: ‘வித் இன்டென்ட் டு டேமேஜ்’. நடுவில் ‘ஆன்’, ‘தி’ எதுவும் வேண்டாம். ‘இன்டென்ட் ஆன்’ என்று வரும்போது அது பெயரடை, பென்ட் மாதிரி: ‘தே வேர் இன்டென்ட் ஆன் டேமேஜிங்’. ‘வித் தி இன்டென்ஷன் ஆஃப்’ என்றால் பின்னால் ‘டேமேஜிங்’. ‘வித் எ வியூ டு’ என்பதில் வரும் ‘டு’ ஏமாற்றும், அதற்குப் பின்னாலும் ‘இங்’தான் வரும். ‘வித் இன்டென்ட் டு டேமேஜிங்’ என்று ஒன்றின் தலையையும் இன்னொன்றின் வாலையும் ஒட்டுவது அதிகம் நடக்கிற பிழை.

‘டேமேஜ்’ ஒருமையில் மட்டும். ‘டேமேஜஸ்’ என்று எஸ் போட்டால் அது நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டுத் தொகை. ‘டேமேஜஸ் காஸ்ட் டு அவர் நெட்ஸ்’ என்று எழுதக் கூடாது.

‘டிஸ்ட்ராய்’க்கும் ‘டேமேஜ்’க்கும் உள்ள தூரம்: டிஸ்ட்ராய் என்றால் திரும்பப் பயன்படாது. 9 வலைக்கு ‘டிஸ்ட்ராய்ட்’, மிதவைக் கயிறு போன 3-க்கு ‘கட்’ என்றே எழுதுங்கள். வெட்டியதை வெட்டியது என்று சொல்வதைவிட அழுத்தமான ஆங்கிலச் சொல் அந்த இடத்தில் இல்லை.

கீழக்கரை மொழிபெயர்ப்பு

தமிழ் மனுவையும் ஆங்கில மனுவையும் அருகருகே வைத்துப் படிப்பார்கள். இரண்டிலும் சொல் ஒத்துப்போக வேண்டும். பெரிய சிக்கல் ‘உள்நோக்கம்’. நாம் எல்லாவற்றுக்கும் ‘உள்நோக்கத்துடன் செய்தார்கள்’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது ‘அல்டீரியர் மோட்டிவ்’, அதாவது வெளியே ஒன்று சொல்லி உள்ளே வேறு காரணம் வைத்திருப்பது. மோட்டிவ் என்பது ஏன் செய்தார் என்பதற்குப் பதில்: போட்டி, பகை, பணம். இன்டென்ட் என்பது எதைச் செய்ய நினைத்தார் என்பதற்குப் பதில். கயிற்றை வெட்டி வலையைக் கடலில் விட நினைத்தார் என்பது நோக்கம். ஏன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. ஆகவே தமிழில் வெறும் ‘நோக்கத்துடன்’ என்று எழுதுங்கள், ‘உள்’ வேண்டாம். ‘பேட் மோட்டிவ்’ ஆங்கிலத்திலிருந்தும் போகட்டும்.

‘நோயிங் தட்’ வருகிற இடத்தில் தமிழில் ‘தெரிந்தே’. டெலிபரேட்லிக்கு ‘வேண்டுமென்றே’. ‘கண்மூடித்தனமாக’ என்று தமிழில் எழுதிவிட்டு ஆங்கிலத்தில் டெலிபரேட்லி போடாதீர்கள். அது ‘ரெக்லெஸ்லி’, விளைவைப் பற்றிக் கவலைப்படாமல் செய்வது. ஒரே செயலுக்கு ஒரு பக்கத்தில் கண்மூடித்தனமாக, இன்னொரு பக்கத்தில் வேண்டுமென்றே என்று இருந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று வெட்டும்.

பத்திரிகைக் கடிதத்துக்குத் தமிழ் வடிவம் வேண்டுமென்றால் ‘ஹெல்-பென்ட் ஆன்’னுக்கு நம்மிடம் இருப்பதில் நெருக்கமானது ‘கங்கணம் கட்டிக்கொண்டு’. கையில் காப்பு கட்டியவர் காரியம் முடியும்வரை பின்வாங்க முடியாது. பிடிவாதமும் இருக்கிறது, எழுதுகிறவரின் கண்டனமும் இருக்கிறது. ‘வரிந்து கட்டிக்கொண்டு’ என்பது சரிவராது, அதில் முனைப்புதான் தெரியும், நல்ல காரியத்துக்கும் அப்படி வருவார்கள்.

தங்கச்சிமடம் பி.ஏ. ஆங்கிலம்

கீழக்கரை அண்ணன், வக்கீல் சார், கடிதத்தில் ‘வித் இன்டென்ட் டு டிஸ்ட்ராய் அவர் கம்யூனிட்டி’ என்று எழுதினால்? சில துண்டறிக்கைகளில் அப்படி வருகிறது.

ராமநாதபுரம் வக்கீல்

வேண்டாம். ‘வித் இன்டென்ட் டு டிஸ்ட்ராய்’ என்பதற்குப் பின்னால் ஒரு மக்கள் கூட்டத்தைப் போட்டால் அது 1948 டிசம்பர் 9-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற இன அழிப்புத் தடுப்பு உடன்படிக்கையின் 2-ஆம் பிரிவு. ஒரு தேசிய, இன, மரபின அல்லது மதக் குழுவை, முழுமையாகவோ பகுதியாகவோ, அந்தக் குழு என்பதற்காகவே அழிக்கும் நோக்கம் என்று அங்கே வரையறை. சர்வதேச நீதிமன்றங்கள் நிரூபிக்க மிகக் கடினமான நோக்கம் என்று கருதுவது அதைத்தான். பாக் நீரிணையைப் பற்றி எழுதும் கடிதத்தில் அந்தத் தொடரைக் கண்டால், விவரம் தெரிந்த வாசகர் நீங்கள் வலையைப் பற்றிப் பேசவில்லை என்று நினைப்பார். ‘அவர் நெட்ஸ்’ என்று பொருளோடு நிறுத்துங்கள். வாழ்வாதாரத்துக்கு ‘லைவ்லிஹுட்’ தனி வாக்கியம்.

தங்கச்சிமடம் பி.ஏ. ஆங்கிலம்

புரிந்தது சார். ‘ஹெல்-பென்ட் ஃபார் லெதர்’ என்றும் பார்த்திருக்கிறேன், அதுவும் இதே பொருளா?

மண்டபம் டீச்சர்

இல்லை, அது வேகம். ‘ஹெல் ஃபார் லெதர்’ என்றால் தலைதெறிக்க ஓட்டுவது, குதிரைச் சேணத்துத் தோலை வைத்து வந்தது என்பார்கள். அதோடு ஹெல்-பென்ட் கலந்து ஒரு வடிவம் பிறந்தது. பிடிவாதத்துக்கு ‘ஆன்’ மட்டும்.

தொண்டிக்கரை

எல்லாவற்றையும் சேர்த்து இப்படி எழுதியிருக்கிறோம். பாருங்கள்.

மனு: “அட் அபௌட் 2.40 ஏ.எம்., தி ட்ராலர் ட்ராக்ட் இட்ஸ் நெட் ட்வைஸ் ஓவர் அவர் க்ராப் நெட்ஸ், விச் வேர் மார்க்ட் வித் ஃப்ளாக்ஸ் அண்ட் லைட்ஸ், நோயிங் தட் தி நெட்ஸ் வேர் லைக்லி டு பி டிஸ்ட்ராய்ட். நைன் நெட்ஸ் வேர் டிஸ்ட்ராய்ட். தி க்ரூ தென் கட் தி ஃப்ளோட் லைன்ஸ் ஆஃப் த்ரீ அதர் நெட்ஸ் வித் இன்டென்ட் டு காஸ் அஸ் லாஸ்.”

கடிதத்தின் கடைசிப் பத்தி: “சம் ட்ராலர் ஓனர்ஸ் சீம் ஹெல்-பென்ட் ஆன் டிஸ்ட்ராயிங் தி நெட்ஸ் ஆஃப் ஸ்மால் ஃபிஷர்மென்.”

பாம்பன் சப்-எடிட்டர்

கடிதம் சரி. ‘ஃபிஷர்மென்’னுக்குப் பதில் ‘ஃபிஷர்ஸ்’ போடலாம். நண்டு வலை கட்டுவதிலும் நண்டு கழற்றுவதிலும் பெண்கள் இருக்கிறார்கள், வலை போனால் அவர்கள் கூலியும் போகிறது.

ராமநாதபுரம் வக்கீல்

மனுவில் ஒரு கேள்வி. ‘தி க்ரூ தென் கட்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வெட்டும்போது யாராவது கண்ணால் பார்த்தார்களா?

தொண்டிக்கரை

படகு வலைப்பக்கத்தில் நின்றதைப் பார்த்தோம் சார். வெட்டியதை இருட்டில் பார்க்கவில்லை. வெளிச்சம் வந்தபிறகுதான் மிதவை தனியாக மிதந்தது.

ராமநாதபுரம் வக்கீல்

அப்படியே எழுதுங்கள். படகு எத்தனை நிமிடம், எத்தனை தூரத்தில் நின்றது என்பது ஒரு வாக்கியம். அடுத்த வாக்கியம் ‘தி ஃப்ளோட் லைன்ஸ் ஆஃப் த்ரீ அதர் நெட்ஸ் வேர் லேட்டர் ஃபவுண்ட் கட்’. யார் வெட்டியது என்பதை விசாரிக்கிறவர் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார். ‘வித் இன்டென்ட் டு’வுக்கு முன்னால் ‘அப்பேரன்ட்லி’ போட்டுக்கொள்ளுங்கள். பார்க்காததைப் பார்த்ததாக எழுதிய ஒரு சொல் போதும், பார்த்ததையும் நம்பமாட்டார்கள்.

மண்டபம் டீச்சர்

‘லேட்டர்’ இருப்பதால் ‘தென்’னை எடுத்துவிடுங்கள் தம்பி. மற்றதெல்லாம் சரி.

மூக்கையூர் வலைக்கடை

ஒண்ணே ஒண்ணு. வலைய பழுது பார்க்க உக்காரும்போது, புரி பிரியாம இருக்க கயித்து நுனியத் தீக்குச்சி காட்டி உருக்கிடுவாங்க, கை தன்னால அங்க போயிடும். அந்த மூணு நுனியயும் உருக்கிடாதீங்க. வெட்டு விழுந்த இடத்துல இருந்து ஒரு முழம் விட்டு, வேற இடத்துல அறுத்து எடுங்க. நீங்க அறுத்த பக்கத்துல சிவப்புத் துணி கட்டிடுங்க, எது அவங்க வெட்டு எது உங்க வெட்டுன்னு குழம்பக்கூடாது. மிதவைப் பக்கத்து நுனியயும் சேர்த்து மூணையும் தனித்தனிப் பையில போட்டு, வலை நம்பரை எழுதி வைங்க. உப்புத்தண்ணியில அலசாதீங்க, அப்படியே காயட்டும்.